எலக்ட்ரோடு எங்கே இளைத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்

மின்சாரக் கண்ணாடி உலையில் உருகிய கண்ணாடிக்குள் மின்சாரத்தைக் கொண்டுபோகும் தண்டு, அதாவது மாலிப்டினம் எலக்ட்ரோடு, சீக்கிரம் கரைந்துபோகிறது, எப்படிக் குறைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கழற்றிய பழைய தண்டு ஏதாவது கிடந்தால் அதை எடுத்துப் பாருங்கள். கழுத்து (தண்டைப் பிடித்துத் தண்ணீரால் குளிர்விக்கும் ஹோல்டரின் வாயை ஒட்டிய இடம்) இளைத்திருக்கிறதா, கண்ணாடிக்குள் இருந்த பகுதி கரைந்திருக்கிறதா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

கழுத்து இளைத்தால் காரணம் காற்று. மாலிப்டினம் உருக 2,600 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் காற்றுப் பட்டால் 500 டிகிரியிலேயே அரிக்கத் தொடங்கிவிடும். 700-ஐத் தாண்டினால் அந்த அரிப்பில் உண்டாகும் ஆக்ஸைடு புகையாகப் போய்விடும். நான் வேலை பார்த்த உலையில் ஒரு ஹோல்டரின் தண்ணீர்ப் பாதையில் உப்புப் படிந்து ஓட்டம் குறைந்துவிட்டது. ஹோல்டர் வாயில் வெள்ளைப் புகை, சுற்றிலும் வெளிர்மஞ்சள் பொடி. வெளியே எடுத்தால் 50 மி.மீ. தண்டு அந்த இடத்தில் சுண்டுவிரல் கனம்தான் இருந்தது. கண்ணாடிக்குள் இருந்த பகுதிக்கு ஒன்றுமே ஆகவில்லை! அன்றிலிருந்து ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒவ்வொரு ஹோல்டரிலிருந்தும் வெளியேறும் தண்ணீரின் சூட்டைக் குறித்து வைக்கிறேன். உப்பு நீக்கிய தண்ணீரையே விடுங்கள். ஹோல்டர் முனையில் உறைந்த கண்ணாடிதான் காற்றுக்கு அடைப்பு. தண்டை உள்ளே தள்ளும்போது மட்டும் குளிர்ச்சியைக் கொஞ்சம் குறைத்து, கண்ணாடி இளகியதும் தள்ளி, உடனே பழையபடி கூட்டிவிட வேண்டும். இறுகியிருக்கும்போது தள்ளினால் தண்டு முறிந்துவிடும்.

கண்ணாடிக்குள் கரைந்திருந்தால் பேட்ச்சை, அதாவது உலையில் போடும் மூலப்பொருள் கலவையை, பாருங்கள். ஆர்சனிக், ஆன்டிமணி ஆக்ஸைடுகளிலிருந்து மாலிப்டினம் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு தான் அரிபடும். பிரிந்த உலோகமும் தண்டோடு சேர்ந்து அதைக் கெடுக்கும். சல்பேட்டும் அதிகமானால் தொல்லைதான். முடிந்தவரை குறையுங்கள். ஈயக் கண்ணாடி என்றால் மாலிப்டினமே வேண்டாம், டின் ஆக்ஸைடு எலக்ட்ரோடு போடுங்கள்.

அப்புறம் மின்னோட்டம். 50 மி.மீ. தண்டு 60 செ.மீ. உள்ளே நீட்டியிருந்தால் பரப்பு ஏறக்குறைய 940 சதுர செ.மீ. அதற்கு 500 ஆம்பியர் அளவில் ஓட்டுவதே எனக்குப் பிடிக்கும். தண்டு இளைக்க இளைக்கப் பரப்பு குறைந்து ஒரு சதுர செ.மீ.க்கான மின்னோட்டம் ஏறும், அரிப்பும் வேகமெடுக்கும். அதனால் இளைத்த தண்டை உள்ளே தள்ளாமல் அதே ஆம்பியரில் ஓட்டாதீர்கள்.

பலர் பார்க்காமல் விடுவது டிசி. மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் தைரிஸ்டர்கள் (மின்னணு ஸ்விட்ச்சுகள்) இரண்டு பக்கமும் சமமாகத் திறக்காவிட்டால் ஏசியோடு டிசி கலந்து, மின்பகுப்பே நடக்கும். ஒரு ஜோடியில் ஒரு தண்டு மட்டும் வேகமாகத் தேய்ந்தால், மல்டிமீட்டரை டிசியில் வைத்து அந்த ஜோடியை அளந்து பாருங்கள். அளந்த எண்ணைக் கமென்ட்டில் போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.