பழைய ரயில் யார்டை நகரமாக்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கைவிடப்பட்ட புகையிரத யார்டில், அதாவது ரயில் பெட்டிகளை நிறுத்திவைத்த இடத்தில், வீடும் கடையும் கட்டலாமா, முதலில் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டலாம். ஆனால் முதலில் மண்ணைப் பாருங்கள். நிலக்கரிச் சாம்பல், எஞ்சின் எண்ணெய், தண்டவாளத்துக்குக் கீழே போடும் சிலிப்பர் கட்டை உக்காமலிருக்கப் பூசிய கிரியோசோட் என்ற தார் எண்ணெய் எல்லாம் பல வருடமாக அதில் ஊறியிருக்கும். எங்கள் யாழ்ப்பாணத்தில் இது இன்னும் பெரிய விஷயம். கீழே சுண்ணக்கல். மேலே சிந்திய எண்ணெய் அதன் வெடிப்புகள் வழியே இறங்கிக் கிணற்றுக்கே வந்துவிடும். மண்ணையும் அயல் கிணற்றுத் தண்ணீரையும் சோதிக்காமல் அத்திவாரம் வெட்டவே கூடாது.

அப்புறம், பழையதை இடிக்க அவசரப்படாதீர்கள். லண்டன் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையப் பகுதியில் சுமார் 67 ஏக்கரை இப்படித்தான் மாற்றினார்கள். 1852இல் கட்டிய தானியக் கிடங்குக்கு 2011இல் கலைக் கல்லூரி வந்தது. நிலக்கரி இறக்கிய கொட்டகைகள் 2018இல் கடைத்தெருவாகின. எரிவாயுத் தொட்டிகளின் வட்டமான இரும்புச் சட்டங்களுக்குள் இன்று வீடுகள் நிற்கின்றன.

இன்னொன்று, தண்டவாளம் போன நிலத்தில் ஒரு கட்டடமும் வேண்டாம். ரயில் திரும்பவும் வரலாம். 1990இல் நின்ற யாழ்ப்பாண ரயில் 2014 ஒக்டோபரில்தான் திரும்பி வந்தது. போரில் தண்டவாளமும் சிலிப்பரும் போய்விட்டன. தண்டவாளம் போன நிலம் மிஞ்சியிருந்ததால் அதிலேயே மறுபடி போட முடிந்தது.