இரட்சிக்கப்பட்ட தேதி தெரியாவிட்டால் இரட்சிப்பு இல்லையா?

கேள்வி: இரட்சிப்பு, கிருபை பற்றி மெதடிஸ்டுகள் என்ன நம்புகிறார்கள்? இரட்சிக்கப்பட்ட தேதி தெரிந்திருக்க வேண்டுமா?

உங்களையும் யாரோ வீட்டு ஜெபக்கூட்டத்தில் "தேதி சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் அப்பாவைக் கேட்டார்கள்.

அப்பாவுக்குக் கரூர்ப் பக்கம். வெஸ்லியன் மிஷன், அதாவது மெதடிஸ்ட் வழிச் சபையில் குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றவர். மில் வேலைக்காக மதுரை வந்து ஆரப்பாளையத்தில் தங்கிவிட்டார். மதுரை மெதடிஸ்ட் அல்லாத அமெரிக்கன் மிஷன் ஊர், சி.எஸ்.ஐ.க்காரன் (தென்னிந்தியத் திருச்சபைக்காரன்) மெதடிஸ்ட் பற்றிப் பேசலாமா என்று சிலர் கிளம்புவார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அந்த இரண்டு வழியும் அதில் சேர்ந்துவிட்டன. எனக்குப் பேச உரிமை உண்டு.

பக்கவாதம் வந்து அப்பா கட்டிலோடு கிடந்தார். ஜெபிக்க வந்த ஊழியக்காரர், "ஐயா, எந்தத் தேதியில இரட்சிக்கப்பட்டீங்க?" என்றார். அப்பா வாய் குழற, "தேதி தெரியாதுங்க. ஆண்டவர் கைவிடல, அது தெரியும்" என்றார். தேதி தெரியாவிட்டால் நரகம்தான் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அன்று இரவு முழுக்க அம்மா அழுதார்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்குத் தேதி உண்டே என்பார்கள். உண்டு. 1738 மே 24, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த கூட்டத்தில், இரவு ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் முன்பு. ஆனால் அதே வெஸ்லி 1739 ஜனவரியில், தான் இன்னும் கிறிஸ்தவனே அல்ல என்று எழுதினார். இதை யாரும் பிரசங்கத்தில் சொல்வதில்லை.

மெதடிஸ்ட் போதனையில், நாம் தேடுவதற்கு முன்பே தேவன் நம்மிடம் வருகிறார். அது முந்திவரும் கிருபை. விசுவாசித்தவனை மன்னித்து ஏற்றுக்கொள்வது நீதிமானாக்கும் கிருபை. அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க நம்மை மாற்றுவது பரிசுத்தமாக்கும் கிருபை. இன்னாருக்குத்தான் என்று முன்குறித்து வைத்தது அல்ல, எல்லாருக்கும் உண்டு. பெற்றவன் விழவும் கூடும், திரும்ப எழவும் கூடும். வெஸ்லி இதை வீடாகவே சொன்னார்: மனந்திரும்புதல் திண்ணை, விசுவாசம் வாசல், பரிசுத்தம் வீடு.

அப்பா குடியை மூன்று முறை விட்டார். இரண்டு முறை திரும்பப் போனார். மூன்றாவது தடவை விட்டது எந்த மாதம் என்று அம்மாவுக்கே நினைவில்லை. அதற்கப்புறம் முப்பது வருஷம் தொடவில்லை. நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் சைக்கிளைச் சாத்திவிட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் முழங்காலில் நிற்பார். கிருபை வேலை செய்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கிரியையினால் இரட்சிப்பு என்று நான் சொல்லவில்லை. கிருபையினாலே விசுவாசத்தைக் கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள் என்கிற எபேசியர் 2:8 எனக்கும் தெரியும். திடீரென்று மனந்திரும்பியவர்களின் சாட்சியையும் நான் குறைத்துப் பேசவில்லை. அது அவர்களுக்குத் தேவன் கொடுத்தது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பா இறந்த அன்று, சந்தா பாக்கி பதினொரு மாதம் இருக்கிறது, கட்டினால்தான் கல்லறையில் இடம் என்று சபைக் கமிட்டியில் சொன்னார்கள். பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு, மாமாவிடம் கடன் வாங்கிக் கட்டினேன். படுக்கையில் கிடந்தவரிடம் யாரும் அதுவரை சந்தா கேட்டு வந்ததுகூட இல்லை. சாவு வீட்டில் பாக்கி கேட்கக் கூடாது என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.