காசு கொடுத்தவருக்குத்தான் பூட்டு
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மூர் மார்க்கெட்டில் வாங்கின பழைய புத்தகம் எங்கள் தெருவில் பாதிப் பேர் கைக்குப் போய்த் திரும்பி வருகிறது. காசு கொடுத்து வாங்கின மின்னூலை என் தங்கச்சி போனுக்குக்கூட அனுப்ப முடியவில்லை. இது என்னங்க நியாயம்?
– ராயபுரம் வாசகர்

பதில்: நியாயம் இல்லைதான். ஆனால் நீங்கள் புத்தகத்தை வாங்கவே இல்லை. பட்டனில் 'வாங்கு' என்று போட்டிருந்தாலும், யாரும் படிக்காமல் சம்மதம் சொல்லுகிற அந்த நீள விதிமுறையில் 'உரிமம்' என்றுதான் இருக்கும். அதாவது உங்கள் கணக்கில், அவர்களுடைய செயலியில் படித்துக்கொள்ள ஓர் அனுமதி, அவ்வளவே. ஃபைல் உங்கள் போனில் இருந்தாலும் அது பூட்டியே கிடக்கும், திறக்கிற சாவி உங்கள் கணக்கோடு கட்டியிருக்கும். தங்கச்சிக்கு ஃபைல் போகும், சாவி போகாது. இதற்குத்தான் டி.ஆர்.எம். என்று பெயர். வாங்குபவரிடம் இது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று கலிபோர்னியாவில் 2025 முதல் சட்டமே இருக்கிறது. இங்கேயும் அந்த ஒரு வரியைப் பட்டனுக்குப் பக்கத்திலேயே போட்டால் பாதிப் பேர் யோசித்து வாங்குவார்கள்.

அனுப்ப முடியாதது சின்ன விஷயம், சார். 2009 ஜூலையில் அமேசான் தான் விற்ற புத்தகங்களையே வாசகர்களின் கிண்டிலிலிருந்து (அமேசானின் மின்னூல் படிக்கும் கருவி) சொல்லாமல் கொள்ளாமல் அழித்தது. விற்பனைக்குப் போட்டவருக்கு உரிமை இல்லை என்பது காரணம், பணத்தையும் திருப்பித் தந்தார்கள். அழிந்ததில் ஒன்று, பழைய ஆவணங்களை அரசே அழிக்கிற கதையைச் சொல்லும் ஆர்வெல்லின் '1984' நாவல் என்றால் புருடா விடுகிறேன் என்பீர்கள், நிஜம்தான். அமேசானின் அப்போதைய தலைவர் ஜெஃப் பெசோஸே மன்னிப்புக் கேட்டார். அப்புறம் 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது விற்ற அத்தனை புத்தகமும் திறக்காமல் போனது. பணம் திரும்பி வந்தது, உள்ளே குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர். கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி, யு.எஸ்.பி. வழியாக மாற்றிக்கொள்ளும் வசதியையும் 2025 பிப்ரவரியில் எடுத்துவிட்டார்கள்.

கேள்வி: பூட்டை உடைக்கிற மென்பொருள் நெட்டில் கிடைக்கிறதே, நான் காசு கொடுத்த புத்தகம்தானே, உடைத்தால் உள்ளே தூக்கிப் போடுவார்களா?
– பெரம்பூர் வாசகர்

பதில்: நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு என்கிறது. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத ஒரு காரியத்துக்காகச் செய்வதை அதே பிரிவு விட்டுவிடுகிறது. ஆக, உடைத்து டெலிகிராமில் ஏற்றுகிறவரும் நீங்களும் ஒன்றல்ல. ஆனால் விதிமுறையை மீறினீர்கள் என்று கடைக்காரர் உங்கள் கணக்கை முடக்கலாம், அப்போது உடைக்காத புத்தகங்களும் சேர்ந்து போகும். எப்படி உடைப்பது என்று தனியாகக் கடிதம் போட வேண்டாம், சொல்ல மாட்டேன்.

கேள்வி: நான் கதை எழுதுகிறவள். என் புத்தகத்தை யாரோ பி.டி.எஃப். ஆக்கி குரூப் குரூப்பாக அனுப்புகிறார்கள். பூட்டு வேண்டாம் என்பவர்கள் எங்கள் வயிற்றையும் நினைக்க வேண்டாமா?
– தண்டையார்பேட்டை வாசகி

பதில்: கட்டாயம் நினைக்க வேண்டும், அம்மா. வரவேண்டிய ராயல்டி இப்படிக் கரைவதைப் பார்க்கிற கோபம் நியாயமானது, அந்த குரூப்புகளில் இருந்துகொண்டே 'தமிழில் யாரும் எழுதுவதில்லை' என்று புலம்புகிறவர்களை எனக்கும் தெரியும். ஆனால் பூட்டு அவர்களை நிறுத்தியதா? பூட்டின புத்தகமும் அங்கே கிடக்கிறது. ஒரே ஒருவர் உடைத்தால் போதும், அதுவும் வேண்டாம், அச்சுப் புத்தகத்தை ஸ்கேன் செய்தாலே ஆயிற்று. அதற்குப் பிறகு பூட்டோடு மல்லுக்கட்டுவது ராயபுரம் அண்ணன் மாதிரி காசு கொடுத்தவர்கள் மட்டும்தான். அறிவியல் புனைகதைகள் வெளியிடும் டோர் பதிப்பகம் 2012இல் பூட்டை எடுத்தது. ஒரு வருடம் கழித்து அவர்களின் பிரிட்டன் கிளை, திருட்டு கண்ணில் படும்படி கூடவில்லை என்றது. பெரிய பதிப்பகம், வேறு சந்தை, அது அப்படியே நமக்குப் பொருந்தும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கிண்டிலில் நீங்களே புத்தகம் ஏற்றும்போது பூட்டு வேண்டுமா வேண்டாமா என்று கேட்பார்கள், அடுத்த புத்தகத்தில் வேண்டாம் என்று போட்டுப் பாருங்களேன். வாங்கியவர் பெயரை ஒவ்வொரு பிரதியிலும் பொறித்துவிடும் முறையும் உண்டு, படிக்கிறவரைத் தொந்தரவு செய்யாது, பரப்புகிறவரைக் கொஞ்சம் யோசிக்க வைக்கும்.

கேள்வி: எங்கள் படிப்பகத்தில் ஒரு டேப் வைத்து மின்னூல் போட்டால் எல்லாரும் படிக்கலாமா? கண் தெரியாத பெரியவர் ஒருவரும் வருகிறார்.
– வியாசர்பாடி வாசகர்

பதில்: தனிநபர் கணக்கில் வாங்கியதைப் பொதுவில் வைக்கப் பெரும்பாலான கடைகள் அனுமதிப்பதில்லை. பூட்டில்லாத நூல்களாகப் போடுங்கள். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற மின்னூல் தளத்தில் சங்க இலக்கியம் முதல் கிடைக்கிறது, ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இந்தக் கால எழுத்தாளர்களே பகிரும் உரிமையோடு கொடுத்தவை இருக்கின்றன. இரண்டும் இலவசம். பெரியவருக்குப் பதிப்புரிமைச் சட்டமே துணை இருக்கிறது: ஊனமுற்றோர் படிக்கும் வடிவத்துக்கு நூலை மாற்றுவது மீறல் ஆகாது. இதற்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலில் ஏற்றுக்கொண்ட நாடு இந்தியாதான். டேப்பில் வாசித்துக் காட்டும் வசதியைத் தமிழுக்கு மாற்றி, ஹெட்போனையும் ஒன்று வாங்கி வையுங்கள், கேரம் ஆடுகிறவர்கள் சத்தத்தில் வேறு எப்படிக் கேட்பார்?