நாடாளுமன்ற அமளியால் நமக்கு என்ன நஷ்டம்?

கேள்வி: நாடாளுமன்றத்தில் கூச்சல், வெளிநடப்பு, இடைநீக்கம் என்று தினமும் செய்தி வருகிறது. இதனால் சாதாரண மக்களுக்கு உண்மையில் என்ன பாதிப்பு?

மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் வந்து கேளுங்கள், டங்ஸ்டன் என்று ஒரே வார்த்தையில் பதில் வரும். பூமிக்குள்ளிருந்து தோண்டி எடுக்கும் ஓர் உலோகம் அது.

2024 நவம்பரில், நாயக்கர்பட்டியில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்டும் உரிமையை ஒரு பெரிய கம்பெனி ஏலம் எடுத்துவிட்டது என்று செய்தி வந்தபோதுதான் எங்கள் பக்கம் பலருக்கு விஷயமே தெரியும். சுமார் 2,015 ஹெக்டேர். அரிட்டாபட்டியும் அதற்குள் வருகிறது. குடைவரைச் சிவன் கோயில், சமணர் படுக்கை, தமிழி என்ற பழைய எழுத்தில் வெட்டிய கல்வெட்டு எல்லாம் இருக்கிற மலை அது. 2022-ல் தமிழக அரசு பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடமும் அங்கேதான்.

இந்த ஏலத்துக்கு வழி திறந்தது 2023-ல் வந்த சுரங்கச் சட்டத் திருத்தம். டங்ஸ்டன் உள்ளிட்ட 24 கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை அது ஒன்றிய அரசின் கையில் கொடுத்தது. மக்களவையில் மசோதா அறிமுகமானது ஜூலை 26, நிறைவேறியது ஜூலை 28. ஆகஸ்ட் 2-ல் மாநிலங்களவையும் முடித்துவிட்டது. அந்த நாட்களில் எதிர்க்கட்சிகள் மணிப்பூர் கலவரம் பற்றிப் பிரதமர் அவையில் பேச வேண்டும் என்று போராடிக்கொண்டிருந்தன. நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிலுவையில் இருக்கும்போது முக்கிய மசோதாக்களை எடுப்பது மரபல்ல என்றும் சொல்லிப் பார்த்தார்கள். அரசு கேட்கவில்லை. அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் மசோதா நிறைவேறியது. குரல் வாக்கெடுப்பில் யார் ஆம் சொன்னார், யார் இல்லை சொன்னார் என்று பெயர் பதிவாகாது. பின்னால் இங்கே பிரச்சினை வெடித்தபோது கட்சிகள் ஒன்றை ஒன்று கை காட்டின.

மணிப்பூருக்காகக் குரல் கொடுத்ததைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் கோபம் வேறு இடத்தில். அந்த மசோதா நிலைக்குழுவுக்குப் போகவே இல்லை. 1993-ல் துறைவாரியாக அமைத்த இந்தக் குழுக்களில் எல்லாக் கட்சி எம்.பி.க்களும் கேமரா இல்லாமல் உட்கார்ந்து பேசுவார்கள், அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்பார்கள், பொதுமக்களிடமும் கருத்துக் கேட்பார்கள். எங்களைப் போன்றவர்கள் ஒரு மனு அனுப்பலாம் என்றால் அங்கேதான். 15-வது மக்களவைக் காலத்தில் (2009-14) 71 சதவீத மசோதாக்கள் குழுவுக்குப் போயின. 17-வது மக்களவையில் (2019-24) அது 16 சதவீதம். அனுப்புவது கட்டாயம் இல்லை என்பதுதான் இதில் பெரிய ஓட்டை.

குழு இல்லாவிட்டாலும் பெரிய தொழில் நிறுவனங்களுக்கு நஷ்டமில்லை. அவற்றின் சங்கங்களுக்கு டெல்லியில் அலுவலகம் உண்டு, அமைச்சகத்தில் மனு கொடுக்க ஆள் உண்டு. தவறு என்று சொல்லவில்லை, யார் வேண்டுமானாலும் தங்கள் தரப்பைச் சொல்லலாம். ஆனால் யார் யாரைச் சந்தித்தார், என்ன கேட்டார் என்று பதிவு செய்யச் சொல்லும் சட்டம் நம் நாட்டில் இல்லை. 2013-ல் ஓர் எம்.பி. இதற்காகத் தனிநபர் மசோதா (அரசு அல்லாமல் எம்.பி. தானே கொண்டுவருவது) கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை.

2023 டிசம்பரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 எம்.பி.க்களை இடைநீக்கம் செய்தார்களே, அதில் எங்கள் மதுரை எம்.பி.யும் ஒருவர். இந்திய தண்டனைச் சட்டம் முதலியவற்றுக்குப் பதிலாக வந்த மூன்று குற்றவியல் சட்டங்களும், அவர்கள் அவையில் இல்லாத அந்தச் சமயத்தில்தான் நிறைவேறின.

சரி, டங்ஸ்டன் என்ன ஆனது? 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தபால் நிலையம் நோக்கி ஊர் ஊராகச் சனம் திரண்டு போனது. எங்கள் பக்கத்து வீட்டு அப்பத்தா ஒருவர், "டெல்லியில இதப் பேசுனப்ப நம்மூருக்கு ஒரு கடுதாசி போட்டாங்களாப்பா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஜனவரி 23-ல் ஏலத்தை ரத்து செய்தார்கள்.

ரத்தானது ஏலம் மட்டும்தான். 2023 திருத்தம் அப்படியே இருக்கிறது. நிலத்தைத் தொடுகிற எந்த மசோதாவும் கட்டாயம் நிலைக்குழுவுக்குப் போக வேண்டும் என்று விதியை மாற்றச் சொல்லி, எங்கள் ஊருக்கு ஓட்டுக் கேட்டு வருகிற எல்லாக் கட்சிக்காரர்களிடமும் கேட்கப் போகிறோம்.