ஏ.இ.கே. ஏதென்ஸ்: பெயரில் ஏன் கான்ஸ்டான்டினோப்பிள்?

ஏதென்ஸில் இயங்கும் ஏ.இ.கே. கழகத்தின் பெயருக்குக் ‘கான்ஸ்டான்டினோப்பிள் (இன்றைய இஸ்தான்புல்) விளையாட்டு ஒன்றியம்’ என்று ஏன் விரிவு சொல்கிறார்கள் எனக் கேட்டிருந்தீர்கள். கிரேக்க–துருக்கியப் போர் 1922இல் கிரேக்கத்தின் தோல்வியில் முடிந்ததைத் தொடர்ந்து, அந்நகரை விட்டு வெளியேறி வந்த கிரேக்க அகதிகள் 1924இல் தொடங்கிய கழகம் இது. அந்நகரைத் தலைநகராகக் கொண்டிருந்த பைசாந்தியப் பேரரசின் இருதலைக் கழுகைச் சின்னமாகவும் மஞ்சளையும் கறுப்பையும் நிறங்களாகவும் அவர்கள் ஏற்றது, இழந்த ஊரின் நினைவாகவே.

இன்று கால்பந்தே அதிகம் பேசப்பட்டாலும், கழகத்தின் மகத்தான இரவு கூடைப்பந்துக்கு உரியது என்பது என் உறுதியான கருத்து. 1968 ஏப்ரல் 4 அன்று, 1896 ஒலிம்பிக் நடந்த அதே திறந்தவெளிப் பளிங்கு அரங்கில், ஏறத்தாழ 80,000 பேர் திரண்டிருக்க, ஸ்லாவியா பிராக் அணியை 89–82 என வீழ்த்தி ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையை (கப் வின்னர்ஸ் கப்) அது வென்றது. கூடைப்பந்தில் கிரேக்கக் கழகம் ஒன்று பெற்ற முதல் ஐரோப்பியப் பட்டம் அது. அகதிகள் குடியேறிய ஏதென்ஸ் புறநகரான நேயா ஃபிலடெல்ஃபியாவில் இருந்த பழைய கால்பந்து அரங்கு 2003இல் இடிக்கப்பட்டது. அதே இடத்தில் 2022இல் திறக்கப்பட்ட புதிய அரங்குக்கு, கான்ஸ்டான்டினோப்பிளின் புகழ்பெற்ற பைசாந்தியப் பேராலயத்தின் பெயரான ‘அயியா சோஃபியா’ என்றே பெயரிட்டுள்ளனர்.