கூட்டத்துக்குப் போகாமலே குடியை விட முடியுமா?

கேள்வி: வயது 44. பெரம்பூரில் வீடு, அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. பன்னிரண்டு வருடமாகத் தினமும் சாயங்காலம் ஒரு குவார்ட்டர். ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் கூடித் தங்கள் கதையைப் பேசும் அமைப்பு) கூட்டத்துக்கு மூன்று தடவை போனேன். நாலு பேர் முன்னால் பேச வாய் வரவில்லை. மறுவாழ்வு மையத்தில் சேர லீவு கிடையாது. போன மாதம் நானாக நிறுத்தினேன். இரண்டாம் நாளே கை நடுங்கியது, தூக்கம் போனது, மறுபடி ஆரம்பித்துவிட்டேன். மாத்திரையைக் காபியில் கலந்து கொடுக்கலாமா என்று மனைவி கேட்கிறார். என் வழியில் விட முடியாதா?

பதில்: முடியும். கூட்டம் பலருக்குக் கைகொடுக்கிறது. ஒத்துவராதவர்களும் குடியை விட்டிருக்கிறார்கள். முதல் வாரத்தை மட்டும் தனியாகச் சமாளிக்க நினைக்காதீர்கள். 180 மி.லி. குவார்ட்டரில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. அதற்குப் பழகிய மூளையில் அது திடீரென்று நின்றால், 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கமும் வியர்வையும் வரும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு ஆள் அடையாளம் தெரியாத குழப்பம் வரும். அது உயிருக்கே ஆபத்து. போன மாதம் நடுங்கியது உங்கள் மனஉறுதிக் குறைவால் அல்ல.

இதற்கு மையத்தில் படுக்க வேண்டுமென்பதில்லை. முன்பு வலிப்பு வந்ததில்லை, ஈரல் நோய் இல்லை, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு என்றால், மனநல மருத்துவரின் மேற்பார்வையில் வெளிநோயாளியாகவே செய்யலாம். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை போன்ற அரசு இடங்களிலும் இதற்குச் சிகிச்சை உண்டு. குளோர்டயசெபாக்சைடு போன்ற மாத்திரையை ஐந்து முதல் ஏழு நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கூடவே தயமின், அதாவது வைட்டமின் பி1 கட்டாயம். தெருமுனை கிளினிக்கில் "ஒரு குளுக்கோஸ் ஏற்றிக்கலாம்" என்பார்கள். தயமின் போடாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்.

அதன் பிறகு ஆசையைக் குறைக்கும் மாத்திரைகள் உண்டு. நால்ட்ரெக்சோன் 50 மி.கி. தினம் ஒன்று, ஈரல் பரிசோதனை பார்த்த பிறகே தருவார்கள். டிரமடால் போன்ற வலி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது ஆகாது. அகாம்ப்ரோசேட் என்றால் 333 மி.கி. இரண்டிரண்டாக மூன்று வேளை. அதற்குச் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். பலர் இரண்டே மாதத்தில் "சரியாகிடுச்சு" என்று நிறுத்திவிடுகிறார்கள். குறைந்தது ஆறு மாதமாவது தொடருங்கள்.

உங்கள் மனைவிக்கு: கலக்காதீர்கள். காபியில் கலப்பது பெரும்பாலும் டைசல்பிரம். அது உடம்பில் இருப்பது தெரியாமல் குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி எடுக்கும், ரத்த அழுத்தம் சரியும், உயிரும் போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. ஆல்கஹால் சேர்ந்த இருமல் மருந்தும் அரிஷ்டமும்கூடப் போதும். அவரே தெரிந்து, சம்மதித்து, உங்கள் கண்ணெதிரே விழுங்குவதானால் அது நல்ல மருந்துதான்.

இனி அந்தச் சாயங்காலம். வெறும் வயிறும் அசதியும் சேர்ந்தால் ஆசை இரட்டிப்பாகும். ஐந்தரைக்கே சுண்டலோ இட்லியோ வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு பட்டறையை விட்டுக் கிளம்புங்கள். கடை இருக்கும் தெருவைத் தவிர்த்து வேறு வழியில் வீட்டுக்குப் போங்கள். வாரச் சம்பளம் என்றால், முதல் மூன்று மாதம் அது நேராக மனைவியின் கணக்குக்குப் போகட்டும். ஆசை எழுந்தால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அதுவரை குளியல், நடை, ஒரு போன். தூக்கம் சரியாகச் சில வாரங்கள் பிடிக்கும். அதற்காக மெடிக்கலில் தூக்க மாத்திரை கேட்டு வாங்காதீர்கள்; அது அடுத்த பழக்கம்.

ஒரு நாள் தவறிக் குடித்துவிட்டால் எத்தனை மணி, யாருடன், என்ன சாப்பிட்டிருந்தீர்கள் என்று எழுதி வையுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் காட்ட உதவும். மறுநாளே குடிக்காத வழிக்குத் திரும்பிவிட்டால் பெரிய நஷ்டமில்லை. நாலைந்து நாள் தொடர்ந்து குடித்துவிட்டால் மட்டும் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாமல் மறுபடி மருத்துவரிடம் வாருங்கள்.