நண்பர் எடுத்த அவுட்டோர் போட்டோக்களுக்கு மனம் நோகாமல் உண்மையான கருத்துச் சொல்வது எப்படி?

கிருஷ்ணகிரி மாந்தோப்பில் நண்பர் எடுத்த படங்களை அனுப்பி "உள்ளதைச் சொல்" என்கிறார், என்ன சொல்வதென்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எடுத்ததை அனுப்பினால் எல்லோரும் "சூப்பர்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்றும் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் வழி ஒன்றுதான். படத்தில் எந்த இடம், அது ஏன் அப்படி ஆனது, அடுத்த முறை எதை மாற்றுவது, இந்த மூன்றும் வந்தால்தான் அது கருத்து. "உனக்கு லைட்டிங்கே தெரியல" என்றால் ஆள் நோவார். "மூணாவது படத்துல இடது கன்னத்துல வெயில் பொட்டு விழுந்திருக்கு, ரெண்டடி பின்னால நிறுத்தியிருந்தா முகம் முழுக்க நிழல்ல வந்திருக்கும்" என்றால் நோவதற்கு அதில் ஒன்றுமில்லை.

மாந்தோப்புப் படமென்றால் முதலில் தாடைக்கும் கழுத்துக்கும் கீழே பாருங்கள். இலை பச்சை ஒளியைத்தான் அதிகம் கடத்தும், திருப்பியும் விடும். அதனால் அடர்ந்த மரத்தடியில் நிற்பவரின் தோலில் பச்சை ஏறும். ஒளியின் நிறச்சாயலைக் கேமரா தானே சமன்செய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் இதைப் பாதிதான் சரிசெய்யும். எடிட்டிங்கில் டின்ட் என்ற வண்ணச் சமனைப் பச்சைக்கு எதிரான மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) பக்கம் தள்ளினால் தோல் சரியாகும், ஆனால் மொத்தப் படத்துக்கும் தள்ளினால் இலைகள் வாடியதுபோல் தெரியும். தோலை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்ற, மாஸ்க் போடச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, தோப்பின் விளிம்புக்கு வந்து, முதுகு தோப்புக்கும் முகம் திறந்த வானத்துக்கும் இருக்கும்படி நிறுத்துவது. கண்ணில் ஒளிப்புள்ளியும் தானாக வந்துவிடும்.

எடிட்டிங்கில் சரியாகும் குறை எது, திரும்ப எடுத்தால்தான் தீரும் குறை எது என்று பிரித்துச் சொல்வது மிக முக்கியம். வண்ணம், சாய்ந்த அடிவானம், ஓரத்தில் நீட்டும் கிளை எல்லாம் முதல் வகை. கண்ணில் விழாத ஃபோகஸ், வெளுத்துப்போன நெற்றி, கண்குழியில் கருநிழல் எல்லாம் இரண்டாம் வகை. கருநிழலுக்கு நம் ஊரில் தனிக் காரணம் உண்டு. தர்மபுரி ஏறத்தாழ 12 டிகிரி வடக்கில் இருப்பதால் ஏப்ரல், ஆகஸ்ட் இரண்டிலும் மூன்றாம் வாரத்தை ஒட்டி உச்சி வெயில் நேர் தலைக்கு மேலே நிற்கும். அப்போது வெட்டவெளியில் எடுத்தால் புருவம் கண்ணை மறைக்கும், எடிட்டிங்கில் நிழலை வெளிச்சமாக்கினால் நாய்ஸ் எனும் புள்ளிப்புள்ளியான இரைச்சல்தான் வரும். காலை எட்டரைக்குள், மாலை ஐந்துக்கு மேல் எடுக்கச் சொல்லுங்கள். மாலைப் பொன்வெயில் இங்கே சட்டென்று இறங்கிவிடும், நல்ல ஒளி அரை மணி நேரம்தான் நிற்கும். மதியமே எடுத்தாக வேண்டுமென்றால் நிழலில் நிறுத்தி, வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை மார்பு உயரத்தில், சற்றுப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். முகத்துக்கு நேர் கீழே பிடித்தால் நிழல் மேல்நோக்கி விழுந்து முகம் விகாரமாகும்.

ஃபோகஸைப் பற்றிச் சொல்லும் முன் 100 சதவீதம் பெரிதாக்கிக் கண்ணிமையைப் பாருங்கள். ஃபுல் ஃப்ரேம் எனும் பெரிய சென்சார் கேமராவில் 85 மி.மீ. லென்ஸின் துவாரத்தை அகலமாகத் திறந்து எஃப் 1.8-ல் வைத்து இரண்டு மீட்டரில் எடுத்தால் தெளிவாக நிற்கும் ஆழம் ஏறக்குறைய 6 செ.மீ. தான். முகம் சற்றுத் திரும்பியிருந்தால் ஒரு கண் கூராகவும் மற்றது மங்கலாகவும் இருப்பதற்கு இதுவே காரணம். "எஃப் 2.8-க்குப் போ, கிட்ட இருக்கிற கண்ணுல ஃபோகஸ் வை" என்று சொன்னால் நண்பர் கையில் ஒரு வேலை இருக்கும். இமையோடு காதும் தலைமுடியும் சேர்ந்து ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் அது கை அசைவு, ஷட்டர் வேகத்தை 1/250 நொடிக்கு ஏற்ற வேண்டும். ஒகேனக்கல்லில் எடுத்த படம் முழுக்கப் புகைபோல் இருந்தால் ஃபோகஸைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் லென்ஸ் முகப்பில் சாரல் படிந்திருக்கும். அங்கே வெள்ளை நுரையைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் குறைத்து முகத்தைக் கறுக்க வைக்கும், எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரு மடங்கு, கூட்டச் சொல்லுங்கள்.

"கலைக்கு ஏது விதி, மங்கலும் ஒரு அழகு" என்று இங்கே யாராவது எழுதுவார்கள். வேண்டுமென்றே செய்தால் அழகுதான். அதனால்தான் "இது நினைச்சு எடுத்ததா?" என்று முதலில் கேட்கச் சொல்கிறேன். போனில் எடுத்த படத்துக்கும் எஃப் கணக்கைத் தவிர மற்றவை பொருந்தும். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடில் மட்டும் காதோரமும் முடியோரமும் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று கூடுதலாகப் பாருங்கள்.

படத்தில் இருப்பவரின் உடம்பு, நிறம், பல் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். ஆனால் எடுத்தவர் எடிட்டிங்கில் முகத்தை வெளுப்பாக்கி, "கலர் தூக்கி"யிருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். முகம் வெளுத்திருக்கும், பக்கத்திலேயே கன்னத்தில் வைத்த கை தன் மாநிறத்தில் இருக்கும், கழுத்தில் கோடு தெரியும். கறுத்த தோலை அழகாகக் காட்ட வேண்டியது வெளிச்சத்தின் வேலை, எடிட்டிங் ஸ்லைடரின் வேலை இல்லை. கல்யாண ஆல்பங்களில் இது இன்னும் நடப்பது எனக்கு ஆறாத கோபம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: ராயக்கோட்டைப் பக்கம் சாமந்தித் தோட்டங்களில் கேட்காமல் இறங்கி, பாத்தியை மிதித்துப் படம் எடுக்கிறார்கள். மொட்டு ஒடிந்தால் அது விவசாயியின் காசு. வரப்பில் நின்று, கேமராவைப் பூ உயரத்துக்குத் தாழ்த்தி எடுத்தாலே பூவுக்கு நடுவில் நிற்பதுபோல் வரும். அப்படி மிதித்து எடுத்த படம் வந்தால் அதையும் கருத்தில் எழுதுங்கள்.

இனி நீங்கள் கேட்கும் முறை. முப்பது படம் அனுப்பினால் "சூப்பர்" தான் வரும். மூன்று போதும், அதில் ஒன்று உங்களுக்கே சந்தேகமான படமாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அளவு சுருங்கும், ஷட்டர், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) விவரமும் போய்விடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். "முகத்துல வெளிச்சம் போதுமா? பின்னால இருக்கிற கம்பம் கண்ணை இழுக்குதா?" என்று கேளுங்கள். பதில் வந்ததும் உங்கள் சிரமத்தை விளக்க வேண்டாம். பார்ப்பவருக்குப் படம் மட்டும்தான் தெரியும். ஒருவர் சொன்னால் குறித்து வையுங்கள், தொடர்பில்லாத இருவர் ஒரே இடத்தைச் சொன்னால் மாற்றுங்கள். எதுவும் சொல்லத் தயங்குபவரிடம் "இந்த மூணுல ஒண்ணை நீக்கணும்னா எதை நீக்குவீங்க, ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள்.